பகல் தூக்கத்துக்கு ஒரு கூரை

அன்று காலை ஷிஃப்ட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முதலுதவி அறை வாசலில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது முன்கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கூட வந்த சூப்பர்வைசர் நான் கதவைத் திறப்பதற்காக நின்றுகொண்டிருந்தார்.

"டை சூடு பட்டுடுச்சு சிஸ்டர். பாத்து அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் நர்ஸ். அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்க்கிற இடம் அது. அந்த அச்சைத்தான் டை என்பார்கள். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நர்ஸ் கிடையாது. ஒரு மருந்துப் பெட்டி உண்டு, அதன் சாவி யாரோ ஒருவரிடம் இருக்கும். எனவே ராத்திரி நடந்தது எல்லாம் விடிந்ததும் என்னிடம் வந்து சேரும்.

அவர் கையைக் குழாயடியில் பிடித்து நெடுநேரம் தண்ணீர் விட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்று கொப்புளம் கட்டியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. வலியில் கத்த வேண்டியவர், தண்ணீர் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டே போனார். மயக்கமோ என்று பயந்து தோளைத் தட்டினேன்.

"மயக்கம் இல்ல சிஸ்டர். தூக்கம்" என்றார். "நின்னுக்கினே தூங்கிட்டன். கண்ணத் தொறந்து பாக்கறன், கை டை மேல கீது."

"பகல்ல தூங்கலையா?"

"எங்க தூங்கறது? ஷீட்டு வூடு. பத்து மணிக்கு மேல உள்ள இருக்க முடியல. ஒரு வாரமா இப்படித்தான் ஓடுது."

கட்டுப் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்த மாதத்தில் என்னிடம் தலைசுற்றல், கால் பிடிப்பு, வாந்தி என்று வந்தவர்கள் பலர். எல்லோருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கலக்கிக் கொடுத்து, கொஞ்ச நேரம் படுக்கவைத்து, திரும்ப மிஷினுக்கே அனுப்பியிருந்தேன். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் ராத்திரி ஷிஃப்ட்டுக்காரர்கள்தான். உலை சூடு என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உலை எப்போதும் அதே சூடுதான். மாறியது அவர்கள் போய்ப் படுக்கிற இடம்.

மதியம் விபத்தைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. தீர்வு, மறுபயிற்சி.

"அவர் ஒரு வாரமா தூங்கலைங்க சார்" என்றேன்.

"ஏன்? மொபைல் பாக்கறாரா?"

"ஷீட் வீடு சார். பகல்ல உள்ள அடுப்பு மாதிரி காயுது. ராத்திரி முழுக்க வேலை செஞ்சிட்டுப் போறவங்க அதுக்குள்ளதான் படுக்கணும்."

அவர் நல்ல மனிதர்தான். என்னை அலட்சியப்படுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "சிஸ்டர், கேட்டுக்கு வெளிய நடக்கறத நாம எப்படி கன்ட்ரோல் பண்றது? நம்ம ஸ்கோப்புக்குள்ள பேசுவோம்."

மறுபயிற்சி என்றே எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் கூட்டம் முடியாது.

கையைச் சுட்டுக்கொண்டவர் சாமல்பட்டிப் பக்கத்துக்காரர் என்பதும், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார் என்பதும் பிறகு தெரிந்தது. மருத்துவமனைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே வரிசையில் நிற்பதற்குள் பாதி நாள் போய்விடும். நானே வீட்டுக்கு வந்து கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து மூன்று மணி வாக்கில் போனேன். நீளமாக ஒரே கட்டடம், லைன் வீடு என்பார்கள். சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் அறைகள். மேலே சிமெண்ட் ஷீட், கை தூக்கினால் தொடுகிற உயரம். அவர் மனைவி ஒரு வயதுப் பெண் குழந்தையோடு வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "உள்ள வேணாங்க்கா, அவர வெளிய கூப்பிடறன்" என்றாள்.

நான் உள்ளே போனேன். கதவைத் தாண்டியதும் முகத்தில் அறைந்தது சூடு. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அது மேலே தேங்கியிருந்த அனலை எடுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கயிற்றில் ஈரப் புடவை ஒன்றைக் குறுக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள், அது காய்ந்து விறைத்துக் கிடந்தது. அவர் தரையில் ஈரத் துண்டை விரித்து அதன் மேல் சட்டையில்லாமல் கிடந்தார். கண் திறந்தபடியே இருந்தது. ஓரத்தில் வாளியில் இருந்த தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன். குளிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீர் போல இருந்தது. கட்டைப் பிரித்துக் கட்டி முடிப்பதற்குள் என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் மாமனாருக்கு மாந்தோப்பும், மழை வந்தால் நிலக்கடலை போடுகிற மேட்டு நிலமும் இருக்கிறதாம்.

"மொதல் ரெண்டு வருசம் பூவு எல்லாம் கருகிப்போச்சுங்க்கா. போன வருசம் கொஞ்சம் காய் நின்னுச்சு. அதுவும் மழையும் காத்துமா வந்து பிஞ்சிலேயே கொட்டிடுச்சு. கடலைக்கு மழையே இல்ல. சரி, கம்பெனிக்குப் போலாம், ஓசூரு குளுகுளுன்னு இருக்கும்னு சொன்னாங்க" என்று சொல்லி, அவளே சிரித்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் மார்ச் மாதத்து விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன். இப்போதும் மனை விற்கிறவர்கள் ரோட்டோரத்துப் பலகைகளில் 'பெங்களூரு கிளைமேட்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் நிழலில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பதை அந்த வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள். பஸ் நிறுத்தத்தில், மூடிய கடைகளின் ஷட்டர் அடியில், பாலத்துக்குக் கீழே என்று எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவர்களைக் குடித்துவிட்டுக் கிடக்கிறவர்கள் என்றுதான் தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருவைச் சுற்றியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதத்துக்கு இரண்டு முறை யார் வீட்டிலாவது கூடி ஜெபிப்போம். அதற்கு அன்பியம் என்று பெயர். அந்த வாரம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நற்செயலாக என்ன செய்வது என்று பேச்சு வந்தது. வழக்கம்போல மெயின் ரோட்டில் நீர்மோர்ப் பந்தல் என்று முடிவாகிற நேரம். பேனர் அடிக்க யார் போவது என்றுகூடப் பேசிவிட்டார்கள்.

நான் ஷீட் வீட்டைப் பற்றிச் சொன்னேன். கையைச் சுட்டுக்கொண்டவரைப் பற்றிச் சொன்னேன். பிறகு மனசில் இருந்ததைக் கேட்டேன்: "நம்ம கோயில் ஹால் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பூட்டித்தானே கெடக்குது? கான்கிரீட் கூரை. ரெண்டு பக்கமும் ஜன்னல். சுத்தி புங்க மரம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நைட் ஷிஃப்ட் ஆளுங்க அதுல வந்து தூங்கட்டுமே."

எங்கள் அன்பியத் தலைவி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்போம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"எல்லாம் ஆம்பளைங்களா?"

"பெரும்பாலும் ஆமாங்க டீச்சர்."

"எந்த ஊர்க்காரங்க, என்ன ஆளுங்கன்னு தெரியாது. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றன்."

"நீ காலைல டூட்டிக்குப் போயிடுவ. அப்ப யாரு இருப்பாங்க?"

மோர்ப் பந்தலே போடுவது என்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ரோட்டில் நின்று மோர் கொடுத்தோம். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி வாங்கிக் குடித்தார்கள். ஏ.சி. காற்று என் கையில் பட்டது. நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன், போட்டோவிலும் நின்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவும்போது அவ்வளவு கோபம் வந்தது. மோர் கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் யாருக்குத் தாகமோ அவர்கள் அந்த ரோட்டுக்கு வரவேயில்லை.

மறுநாள் நேராகப் பங்குக் குருவை, எங்கள் கோயில் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். ஃபாதர் முழுவதும் கேட்டார். அவருக்கு மனமிருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "நல்ல விஷயம்தாம்மா. பங்குப்பேரவையில வெச்சிப் பேசிடலாம். ஈஸ்டர் முடியட்டும்" என்றார்.

"ஃபாதர், ஈஸ்டர் முடியறதுக்குள்ள வெயில் பாதி போயிடுமே."

"புரியுதும்மா. இப்ப புனித வாரம். எல்லாரும் அலைச்சல்ல இருக்காங்க."

காத்திருந்தேன். அந்த நாட்களில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய் நின்றாலும் எனக்கு ஜெபம் வரவில்லை. கதவு பூட்டிய அந்த ஹாலைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்பேன். அடுக்கி வைத்த நாற்காலிகளும், குளுமையான சிமெண்ட் தரையும், ஒரு மூலையில் சுருட்டி வைத்த ஜமுக்காளங்களும் தெரியும்.

ஈஸ்டருக்குப் பிறகு, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற அந்தப் பேரவை கூடியது. செயலர் சொந்தமாக ஒரு சிறு பட்டறை நடத்துகிறவர். கேள்விகளை வரிசையாக அடுக்கினார். கரண்ட் யார் செலவு? கழிப்பறையை யார் கழுவுவது? பீடி பிடித்தால்? முன்பதிவு இருக்கிற நாளில்? பெட் ஷீட்டைக் கோயில் காம்பவுண்டில் காயப்போட்டால் பார்க்க எப்படி இருக்கும்? கேள்விகள் எல்லாம் நியாயமானவைதான். என் எரிச்சலுக்கே அதுதான் காரணம். ஒவ்வொரு நியாயமான கேள்வியாலும் ஒரு வாரம் கழிந்தது.

கடைசியில் எனக்கு உதவிக்கு வந்தது டீச்சர்தான். நான் எதிர்பார்க்கவேயில்லை. அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் அந்த லைன் வீட்டுக்குப் போயிருக்கிறார். கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் அந்த ரூமுக்குள்ள போய்ப் பாத்தேன். என்னால ஜெபமாலைல ஒரு பத்துமணிகூடச் சொல்லி முடிக்க முடியல, வெளிய வந்துட்டேன். பகல்ல நான் சும்மாதான் இருக்கேன். ஹாலை நான் பாத்துக்கறேன்" என்றார். முன்பதிவு இல்லாத வேலை நாட்களில் மட்டும், மழைக்காலம் தொடங்கும் வரை என்று அனுமதித்தார்கள்.

டீச்சர், நான், எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், பக்கத்து வீட்டு அக்கா ஆகியோர் சேர்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கோயிலைச் சேர்ந்தவர் அல்ல, மத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். "எனக்கு ஜெபமெல்லாம் தெரியாது, கூட்டிப் பெருக்கத் தெரியும்" என்று சொல்லித் துடைப்பத்தோடு வந்தார். ஆட்டோக்காரர் கன்னடமும் தெலுங்கும் பேசுவார், கொஞ்சம் இந்தியும் வரும். தொழிற்பேட்டை பஸ் நிறுத்தங்களில் படுத்திருக்கிறவர்களிடம் அவர்தான் போய்ச் சொன்னார்.

முதல் நாள் யாரும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். கோயிலில் போய் எப்படிக் காலை நீட்டிப் படுப்பது என்று தயக்கம். மதம் மாற்றுவார்களோ என்றும் ஒருவர் ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறார். இரண்டாம் நாள் டீச்சரே கேட்டுக்குப் போய், கையில் கட்டோடே ராத்திரி வேலைக்குத் திரும்பியிருந்த சாமல்பட்டிக்காரரைக் கைபிடித்து உள்ளே கூட்டி வந்து ஜமுக்காளத்தை விரித்தார். அவர் படுத்தது தெரியும், பிறகு சாயங்காலம்தான் எழுந்தாராம். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்து நான் போனேன். ஹால் முழுக்க ஆட்கள். ஒருவர் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்திருந்தார். ஒருவர் யூனிஃபார்ம் சட்டையைக் கண்ணுக்கு மேல் போட்டிருந்தார். ஒடிசாக்காரர்கள் ஒரு ஓரம், கர்நாடகத்துப் பையன்கள் ஒரு ஓரம். குறட்டைச் சத்தம் பலமாக இருந்தது. டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசிக்கொண்டே வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து அடக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பழக்கம். நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ வருடம் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல உடம்புக்காரர்கள் இவ்வளவு பேர் சேர்ந்து அசந்து தூங்குவதைப் பார்த்ததில்லை. அழுகை வந்தது. இதற்கு ஒன்றரை மாதம் கெஞ்ச வேண்டியிருந்ததே என்ற கடுப்பும் கூடவே வந்தது.

அன்று திரும்பும் வழியில் சாமல்பட்டிக்காரரின் மனைவியைப் பார்த்தேன். அதே தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல்.

"அவரு இப்ப நல்லா தூங்கறாருங்க்கா" என்றாள். நான் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை. "ஆம்பளைங்களுக்கு ஹாலு கெடச்சிச்சு. எங்களுக்கு? நாங்க எங்க போறது? நானும் இந்தக் கொழந்தையும் இன்னா கல்லா?"

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அவள் பகலெல்லாம் அந்த அறைக்குள் சமைக்கிறாள், துவைக்கிறாள், குழந்தையைக் கவனிக்கிறாள். ராத்திரி அந்தக் கூரை குளிர்வதற்குள் பாதி இரவு போய்விடுகிறது. ஹாலில் பெண்களுக்கும் ஒரு பக்கம் தடுத்துக் கொடுக்கலாம் என்று டீச்சரிடம் கேட்டேன். "அதை மட்டும் இப்பக் கேக்காத. இருக்கறதையும் மூடிடுவாங்க" என்றார். அது உண்மை என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

ஷீட்டின் மேல் வெள்ளையடித்தால் சூடு இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தோம். வெறும் சுண்ணாம்பே போதும் என்றார்கள். அதற்கு வீட்டுக்காரரிடம் போனோம். அந்த நிலத்தில் முன்பு கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்.

"வத்து மேடம், வத்து!" என்றார் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள். வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். "மேல ஏறினா ஷீட்டு ஒடையும். ஒடஞ்சா நீங்க மாத்தித் தருவீங்களா? மழ வந்தா ஒழுகுது, மாத்துன்னு என்னத்தான் கேப்பாங்க."

"பலகை போட்டு ஏறுவோங்க. ஒடஞ்சா நாங்களே வாங்கித் தர்றோம்."

"இத்தன வருசமா இதுலதானே இருக்காங்க? இப்ப மட்டும் என்னா புதுசா?"

"வெயில் புதுசுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அது வீட்டுக்காரருக்கும் தெரியும். அவருடைய கிணறு வற்றி, போர் வற்றி, இப்போது அவர் வீட்டுக்கே லாரித் தண்ணீர்தான். மூன்று தடவை நடந்த பிறகு, உடைந்தால் நாங்கள் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லி ஒப்புக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. ஹாலில் தூங்குகிறவர்களில் பலர் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள். பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் மண்டியிட்டு, விளக்குமாற்றால் சுண்ணாம்பைப் பூசினார்கள். சாமல்பட்டிக்காரர் ஒற்றைக் கையால் வாளியை இழுத்து மேலே கொடுத்தார். அவர் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஏறிவிட்டாள். ஒரே ஒரு ஷீட் விரிசல் விட்டது. சாயங்காலம் கூரை முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. டீச்சர் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்தது. காற்று வந்தது, பின்னாலேயே கோடை மழை. ஆலங்கட்டியோடு அரை மணி நேரம் கொட்டியது. ஷீட்டிலிருந்து பால் போல வெள்ளைத் தண்ணீர் ஒழுகிச் சாக்கடைக்குப் போவதை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். சுண்ணாம்பில் பசை கலக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாத மழை, அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் அங்கிருந்த வாளியைக் காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது.

"விடுங்க்கா. இன்னிக்கு ராத்திரி எப்படியும் குளுகுளுன்னு இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த ஞாயிறு பசை கலந்து மறுபடியும் அடித்தோம். இந்தத் தடவை பாதிப் பேர்தான் வந்தார்கள், ஆனாலும் முடித்துவிட்டோம். பூச்சு நின்றது. ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் போய்ப் பார்த்தேன். அவள் குழந்தையோடு அறைக்குள் இருந்தாள். எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப உள்ள உக்கார முடியுது. படுக்கத்தான் முடியல" என்றாள். அவ்வளவுதான் அதன் பலன். அதைக் குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

இதற்குள் ஹாலில் பிரச்சினை தொடங்கிவிட்டது. கழிப்பறைக்குப் பின்னால் பீடித் துண்டு கிடந்ததாம். நிச்சயதார்த்தத்துக்கு ஹால் பார்க்க வந்த ஒரு குடும்பம், வியர்வை நாற்றம் என்று முகம் சுளித்துவிட்டுப் போனதாம். செயலர் என்னைக் கூப்பிட்டு, ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், இரண்டு வாரம் மூட வேண்டும் என்றார்.

"மழைக்காலம் வரைக்கும்னுதானே சார் சொன்னீங்க?"

"இப்பவே ரெண்டு மழை பெஞ்சிடுச்சே சிஸ்டர்."

"சார், இந்த ஆளுங்க போடற பார்ட்ஸ்தான் உங்க பட்டறைக்கும் வருது. அவங்க தூங்காம மிஷின்ல நிக்கறாங்க. ஒருத்தர் கை வெந்துபோச்சு. உங்களுக்கு ஒரு பீடித் துண்டு பெருசாத் தெரியுது." கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் அவர் மனைவி என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீச்சரும் என்னைக் கண்டித்தார். "உண்மையைத்தான் சொன்ன. ஆனா சாவி அவங்க கைலதானே இருக்கு?" என்றார். ஹால் மூடியது. பெயிண்ட் அடித்தது என்னவோ முன்பக்கச் சுவர் மட்டும்தான். அது முடிந்தும் திறக்கவில்லை.

ஒரு மாதத்தில் தென்மேற்குக் காற்று வந்து வெயில் தணிந்துவிட்டது. எல்லோருக்கும் அது மறந்துபோனது. சாமல்பட்டிக்காரரின் கை ஆறியது, தோல் மட்டும் சுருங்கி நிறம் மாறி நின்றுவிட்டது. பகல் ஷிஃப்ட் கேட்டார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ராத்திரிதான் என்றார்கள். நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு பாகலூர் ரோட்டில் ஒரு கிடங்கில் பகல் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் குறைவுதான். தூக்கம் இருக்கிறது என்றார்.

அவர் மனைவி மட்டும் சும்மா இருக்கவில்லை. இந்த வருடம் மாசி பிறந்ததுமே என் வீட்டுக்கு வந்து நின்றாள். இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை என் செருப்புகளை எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது.

"அக்கா, சுண்ணாம்பு எப்ப? பக்கத்து லைன்ல மூணு பொம்பளைங்க வரன்னுக்கீறாங்க. அவங்க ஓனர்கிட்ட நானே பேசிட்டன். பசைய மறக்காம வாங்குங்க."

அந்த லைன் வீடுகளுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே பூசி முடித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் ஆட்டோக்காரரும் கூடப் போனார்கள். நான் அன்று டூட்டியில் இருந்தேன். போய்ப் பார்ப்பதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஹாலுக்குத்தான் மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. போன வருடம் கொடுத்த அனுமதி போன வருடத்துக்குத்தான் என்றார்கள். புதிதாகக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அதே கேள்விகள். அதே பொறுமையான முகங்கள். செயலரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். சொன்ன வார்த்தைக்காக இல்லை, சத்தம் போட்டதற்காக. அவர் தலையை மட்டும் ஆட்டினார். டீச்சருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, ஆனாலும் வாசலில் உட்காருகிறேன் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் என்று அனுமதித்தார்கள். மூன்று நாள் தூங்கினால் போதுமா, மற்ற நாட்களில் அவர்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் இல்லையா என்று நாக்கு நுனி வரை வந்தது. நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன திங்கட்கிழமை திறந்தோம். அன்று எனக்கு விடுமுறை. காலையில் நான் போகும்போதே ஹால் படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்திராத முகம், வேறு ஏதோ கம்பெனி யூனிஃபார்ம். மடியில் ஒரு தலையணை. தயங்கித் தயங்கிக் கன்னடம் கலந்த தமிழில், "மேடம், இங்க மலகலாம்னு சொன்னாங்க, நெஜமா?" என்று கேட்டார். மலகுவது என்றால் படுப்பது.

"நெஜம்தான். வாங்க" என்று கதவைத் திறந்தேன். ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டே, நாளைக்கு ஹால் கிடையாது, புதன்கிழமை வாருங்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார்.